பச்சை நூல் கட்டிய பாட்டில்

ஐந்தாம் தேதி, செவ்வாய்
சலவைக் கடை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுகிறேன். இங்கே நான், மகள், அத்தை, உங்கள் தம்பி எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். உங்கள் கடிதங்களில் அந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் இருப்பதில்லையே! நீங்கள் வேலை பார்க்கும் முகாமில் தொலைபேசிக் கம்பம் சாய்ந்து மூன்று மாதமாகிறது. அதை நிமிர்த்த ஆள் இல்லையா, இல்லை நீங்கள்தான் போய் அதைச் சாய்த்துவிட்டு வந்தீர்களா என்று எனக்குச் சந்தேகம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆஸ்பத்திரி விரிப்புகளை ஏற்ற வந்த வாடகை வண்டி, அதற்கு முன் சிமெண்டு மூட்டை ஏற்றியிருக்கிறது. துவைத்து, இஸ்திரி போட்டு, வார்டு வாரியாகச் சிவப்பு நூல், நீல நூல் கட்டி அனுப்பிய கட்டுகள் சாம்பல் பூசிக்கொண்டு போய் இறங்கின. ஆஸ்பத்திரித் துணிப் பொறுப்பாளர் அம்மா எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு தாளும் வந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து மேல்மூடி போட்ட சொந்த வண்டியில்தான் துணி வர வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு கடைக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி வேலை போனால் நம் கடையில் மிச்சமிருப்பது நாலு சட்டையும் திரைச்சீலையும்தான். இஸ்திரி அக்காவையும் மற்ற ஐந்து பெண்களையும் பார்த்து நாளையிலிருந்து வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் வண்டி பார்க்கிறேன். புதுசு நமக்கு எட்டாது. சின்ன வண்டி ஈரத் துணியின் பாரத்தைத் தாங்காது, லாரி ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நுழையாது. நம்முடைய பழைய வண்டி அளவில், நடுத்தரமான ஒரு பிக்கப்தான் சரி. ஓட்டப்போவது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். லைசென்ஸ் வாங்கி நாற்பது நாளாகிறது. உங்களிடம் சொல்லவில்லை.

இதுவரை இரண்டு வண்டி பார்த்தாயிற்று. முதல் வண்டியைக் காட்டியவர் ஒரு தரகர். சட்டை பளீரென்று இருந்தது, வண்டியும் அப்படியே. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, அவர் சாவியை எடுக்கும் முன்பே நான் பானெட்டில் கையை வைத்தேன். நன்றாகச் சுட்டது. வெயில்ல நின்னுச்சும்மா என்றார். வண்டி நின்றது கூரைக்கு அடியில். காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டு, ஒரே திருப்பில் கிளம்புது பாருங்க என்று என் காதில் பூச் சுற்றப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

இரண்டாவது வண்டிக்கு நம் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப்போனேன். கிலோமீட்டர் முள் குறைவாகக் காட்டியது. அண்ணன் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “இவ்ளோ கம்மியா ஓடின வண்டிக்கு பெடல் ரப்பர் எப்படிம்மா வழுக்கை விழும்?” என்று கேட்டார். விற்பவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் சொன்னபோது உங்கள் தம்பியே சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

அவர் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை நடக்கிறார். இடது காலில் கம்பி வைத்த இடம் மட்டும் காலையில் விறைத்துக்கொள்கிறது. கிளட்ச் மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறார். அத்தையும் அப்படித்தான். பெற்ற பிள்ளையின் பெயரை ஒரு தாய் வாயெடுத்துச் சொல்லாமல் ஒன்றரை வருஷம் இருக்க முடியும் என்பதை இந்த வீட்டில்தான் பார்க்கிறேன்.

எனக்கும் கோபம் போகவில்லை. ஒளிப்பானேன்? பட்டப்பகலில், நீர்த்தொட்டிச் சரிவில், பக்கத்தில் தம்பி தூங்குகிறான் என்று தெரிந்தும் வண்டி ஓட்டிக்கொண்டே நீங்கள் கண் அசந்தீர்கள். சரி, அசந்துவிட்டீர்கள். மனுஷன்தானே. அதற்காக ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, உலகத்தின் கடைக்கோடியில் போய் மண் அள்ளும் இயந்திரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தால் தம்பியின் கால் நேராகிவிடுமா? ஒரு நிமிஷம் நீங்கள் தூங்கினீர்கள், அதற்கு நாங்கள் எல்லோரும் ஒன்றரை வருஷமாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறோம்.

நேற்று எண்ணெய் அலமாரியைத் துடைத்தேன். சோப்பு, நீலம், ப்ளீச்சிங் எல்லாம் டிரம்மில் வாங்கிப் பழைய பாட்டில்களில் ஊற்றி, கழுத்தில் நூல் கட்டி வைக்கிற என் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. எழுதி ஒட்டினால் ஈரத்தில் தாள் நிற்காது, நூல்தான் நிற்கும். நீங்கள் வாங்கி வைத்த அந்த இரண்டு எண்ணெய் டின் மட்டும் நூல் இல்லாமல், உடைக்காமல் மூலையில் அப்படியே இருக்கின்றன. தூசி தட்டி வைத்தேன்.

வண்டியில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். இன்னும் இருபத்தைந்து நாள்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபத்தோடும் அக்கறையோடும்,
உங்கள் வீட்டுக்காரி


பதின்மூன்றாம் தேதி, புதன்
சலவைக் கடை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

எல்லோரும் நலம். உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். இன்று மூன்றாவது வண்டி பார்த்தோம்.

மரக்கடைக்காரர் ஒருவருடையது. பலகை ஏற்ற வைத்திருந்தார், பெரிய வண்டி வாங்கிவிட்டதால் இதைக் கொடுக்கிறார். போனவுடன் பானெட்டைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் இருமாமல் செருமாமல் கிளம்பியது. மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்து, சேசிஸ் சட்டம் முழுக்கச் சின்னச் சுத்தியால் தட்டிக் கேட்டார். துரு இல்லை, வளைவு இல்லை, ஒட்டுப் போட்டது இல்லை. வண்டிப் புத்தகத்தில் இருந்த எண்ணும் இன்ஜினில் இருந்த எண்ணும் ஒன்றுதான். எனக்குக் கை பரபரத்தது. இதுதான் நம் வண்டி என்று மனசு முடிவே கட்டிவிட்டது.

அண்ணன் தெருக்கோடிவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். முகம் சரியில்லை. பிரேக் மிதித்தால் மெதுவாக எழும்புகிறது என்றார். பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடியைத் திறந்து என்னிடம் காட்டினார். மூடிக்குள் இருக்கிற ரப்பர் உப்பி, நெளிந்து, நாளெல்லாம் சோப்புத் தண்ணீரில் கிடந்த விரல் நுனி மாதிரி இருந்தது. ஒரு சிரட்டை அளவு தண்ணீர் கேட்டு வாங்கி அதில் அந்த டப்பா ஆயிலை இரண்டு சொட்டு விட்டார். “பிரேக் ஆயில்னா தண்ணியோட கலந்துடும்மா. இது மிதக்குது பாருங்க. யாரோ தெரியாம வேற ஆயிலை ஊத்தியிருக்காங்க” என்றார்.

மரக்கடைக்காரர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் பலகைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். நீங்கதானே ஆயில் கம்மியா இருக்கு, கொஞ்சம் ஊத்துன்னு சொன்னீங்க, அந்த மூலையில இருந்த டப்பாவுல இருந்துதான் ஊத்தினேன் என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் எங்கள் எல்லோர் முன்னாலும் கத்தித் தீர்த்துவிட்டார். “அறிவிருக்கா உனக்கு? ஆளைக் கொல்லப் பாத்தியே!” என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார். அந்த அம்மாள் மரத்தூளைக் காலால் கூட்டிக்கொண்டே நின்றார்.

திரும்பி வரும் வழியில் அண்ணனிடம் கேட்டேன், தப்பான எண்ணெய் ஊற்றினால் அன்றைக்கே தெரிந்துவிடாதா என்று. இல்லையென்று தலையாட்டினார். “அன்னிக்கு நல்லாவே பிடிக்கும்மா. ரப்பர் ஊறிப்போக பத்து நாள், பதினஞ்சு நாள் ஆகும். அப்புறம் ஒருநாள் மிதிச்சா வெறும் காத்துதான்.”

மரக்கடைக்காரரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நம் அலமாரியில் இரண்டு எண்ணெய் பாட்டில் இருந்தன. பச்சை நூல் கட்டியது பிரேக் ஆயில். கறுப்பு நூல் கட்டியது பிழியும் மெஷினின் கியருக்கு ஊற்றுவது. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரம், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்த இரண்டையும் எடுத்துப் போட்டுவிட்டு இரண்டு புது டின் வாங்கி வைத்தீர்கள். இனிமே நூல் வேண்டாம் என்று மட்டும் சொன்னீர்கள். அந்த பாட்டில்களை ஏன் எடுத்துப் போட்டீர்கள்?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


இருபத்தொன்பதாம் தேதி, வெள்ளி
வீடு

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. வண்டியில் பார்க்க வேண்டியதை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். சக்கரத்தை ஆட்டிப் பார், கிளட்சை விட்டுப் பார், புகை எந்த நிறம் என்று பார். கடைசியில் ஒரு வரி: பாட்டில் எதுவும் எனக்கு நினைவில்லை.

எந்த டயரை எந்தத் தேதியில் மாற்றினோம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனிதருக்கு இரண்டு பாட்டில் நினைவில்லையாம். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு அது எதற்கு? போகட்டும். பதில் எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. நடந்ததை நானே சொல்கிறேன். ஒரு முறையாவது இது என் வாயால் வரட்டும்.

ப்ளீச்சிங் தெறித்து நூல் இற்றுப்போகும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா பாட்டிலுக்கும் நூல் மாற்றிக் கட்டுவேன். அந்தத் தடவை பழைய நூலையெல்லாம் மொத்தமாக அறுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பாதியில் ஒரு வாடிக்கைக்காரர் பட்டுத் துணியில் கறை போகவில்லை என்று சண்டைக்கு வந்தார். நானும் சளைக்காமல் அவரோடு மல்லுக்கு நின்றபடியே கையால் நூல் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே மாதிரி பாட்டில், இரண்டும் ஒரே மாதிரி வெளிர் மஞ்சள் எண்ணெய். பச்சையைக் கியர் எண்ணெயில் கட்டினேன், கறுப்பைப் பிரேக் ஆயிலில் கட்டினேன்.

மகளுக்கு முதல் பல் விழுந்த நாள் நினைவிருக்கிறதா? அன்று காலை வண்டியில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, கொஞ்சம் பிரேக் ஆயில் ஊத்திடு, பச்சை நூல் என்று சொல்லிவிட்டு நீங்கள் துணி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். ஊற்றியவள் நான். அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் வண்டி நீர்த்தொட்டிச் சுவரில் மோதியது.

ஒருவேளை நான் சரியாகத்தான் கட்டியிருப்பேனோ என்று மனசு ஒருநாள் முழுக்கத் தப்பிக்கப் பார்த்தது. பிறகு பிழியும் மெஷின் ஞாபகம் வந்தது. அதே மாதம்தான் அது இறுகி நின்றது. திறந்து பார்த்த ரிப்பேர்காரர், என்னம்மா, எண்ணெய் தண்ணி மாதிரி இருக்கே என்றார். நான் நல்ல எண்ணெய்தான் ஊற்றினேன், உனக்கு வேலை தெரியவில்லை என்று அவரைத் திட்டி அனுப்பினேன். பாவம் அந்த மனிதர்.

இஸ்திரி அக்காவிடமும் கேட்டேன். முதலில் மழுப்பினார், விடாமல் கேட்டதும் சொன்னார். விபத்து நடந்த மறுநாள் நீங்கள் உடைந்த வண்டியைப் பார்த்துவிட்டு, கையெல்லாம் எண்ணெயோடு கடைக்குள் வந்தீர்களாம். இரண்டு பாட்டிலையும் மாறி மாறி முகர்ந்து பார்த்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தீர்களாம். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லையாம். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து, அத்தை முன்னால், தம்பியின் கட்டில் பக்கத்தில் நின்று, நான் கண் அசந்துட்டேன் என்று சொன்னீர்கள். வண்டியை யாரும் திறந்து பார்க்காதபடி அந்த வாரமே பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டீர்கள்.

மரக்கடைக்காரர் தன் மனைவியைப் பார்த்துக் கத்தியதை எழுதினேனே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் கத்தவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களைக் கும்பிட்டு எழுதுவேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வருவது கோபம்தான். செய்யாத தப்புக்கு ஒன்றரை வருஷம் உங்களைத் திட்ட வைத்தீர்களே! போன கடிதத்துக்கு முந்தினதில்கூடத் திட்டியிருக்கிறேன். அதை நீங்கள் அந்த முகாமில் தனியாக உட்கார்ந்து படித்திருப்பீர்கள். என் தப்பை என் தலையில் போட்டிருக்கலாம், நான் தாங்கியிருப்பேன். அவ்வளவு பலமில்லாதவள் என்றா நினைத்தீர்கள்?

வீட்டில் சொல்லிவிட்டேன். அத்தையையும் தம்பியையும் ஒன்றாக உட்கார வைத்து, நின்றுகொண்டே சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டேன். தம்பி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். வந்து என்னைப் பார்க்காமல், “அண்ணன் அட்ரஸ் குடுங்க அண்ணி” என்று மட்டும் கேட்டார். இந்த உறைக்குள் மடித்த இன்னொரு தாள் இருக்கும். அது அவருடையது. நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அத்தை நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. தன் தட்டைத் தானே கழுவினார், தன் துணியைத் தானே மடித்தார். ஐந்தாம் நாள் அடுப்படி வாசலில் வந்து நின்று, “அவனை வரச் சொல்லு” என்றார். அதற்குப் பிறகும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தக் கோபம் நியாயமானது, தீரும்போது தீரட்டும். ஆனால் உங்கள் பெயர் இந்த வீட்டில் மறுபடி கேட்கிறது. நேற்று மகளிடம் நீங்கள் சின்ன வயதில் செய்த சேட்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டியை வாங்கிவிட்டேன். மரக்கடைக்காரரின் அதே பிக்கப்தான், ஆஸ்பத்திரி கேட்டபடி மேல்மூடியும் போட்டாயிற்று. மெக்கானிக் அண்ணன் வேறு பார்க்கலாமே என்று இழுத்தார். இன்ஜின் நல்லது, சேசிஸ் நல்லது, இருக்கிற ஒரே குறையும் எது என்று எனக்கு அடிமுதல் நுனிவரை தெரியும், குறை தெரியாத வண்டியைவிட இது மேல் என்று சொல்லிவிட்டேன். பிரேக்கில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்துச் சிலிண்டர், குழாய், ரப்பர் எல்லாம் புதுசு. ஒவ்வொன்றையும் மாட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் பிரேக் ஆயில் ஊற்றும் நேரம் வந்தது. அலமாரி மூலையிலிருந்து நீங்கள் வாங்கி வைத்த டின்னைக் கொண்டு போனேன். அண்ணன் பின்பக்கத் தேதியைப் படித்துப் பார்த்துவிட்டு, சீல் உடையலை, நல்லாத்தான் இருக்கு என்றார். மூடியை நான்தான் உடைத்தேன். ஊற்றியதும் நான்தான். கை ஆடாமல் ஊற்றினேன்.

விற்கும்போது மரக்கடைக்காரரின் மனைவி சாவியை என் கையில் கொடுத்தார். நானும் இதே தப்பைச் செய்தவள்தான் என்று அவர் காதோரம் சொன்னேன். என் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

நேற்று காலை வண்டியை நீர்த்தொட்டிச் சரிவுக்கு ஓட்டிப்போனேன். அண்ணன் வேண்டாம் என்றார், பிறகு பேசாமல் பக்கத்தில் ஏறிக்கொண்டார். உச்சியில் நிறுத்தினேன். கீழே அந்தச் சுவர் தெரிந்தது. மோதிய இடத்தில் புதுச் செங்கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், பூசவில்லை. வண்டியை இறக்கினேன். வளைவுக்கு முன்னால் மிதித்தேன். பிடித்தது. வண்டி அப்படியே நின்றது.

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன், இதே இடத்தில் நீங்கள் மிதித்திருப்பீர்கள். மறுபடி மறுபடி மிதித்திருப்பீர்கள். பக்கத்தில் தம்பி தூங்கிக்கொண்டிருந்திருப்பார். அந்தச் சில நொடியில் நீங்கள் வண்டியைத் தம்பி பக்கம் திருப்பாமல் உங்கள் பக்கமாகச் சுவரில் தேய்க்கப் பார்த்திருக்கிறீர்கள். புதுச் செங்கலுக்கு முன்னால் சுவர் நெடுக, ஓட்டுநர் பக்கமாக உரசிய தழும்பு இன்னும் அங்கே இருக்கிறது. தூங்குகிறவன் அப்படித் திருப்பமாட்டான். இதை நான் அன்றே பார்த்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அண்ணன் இறங்கிப்போய் டயரைப் பார்ப்பதுபோல் நின்றார்.

நாளை மறுநாள் ஒன்றாம் தேதி. முதல் கட்டு காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிப் பின்வாசலில் இறங்கும். நான்தான் ஓட்டுவேன். நன்றாகவே ஓட்டுகிறேன், பின்னால் எடுக்கும்போது மட்டும் எல்லோரும் ஓடி ஒதுங்குகிறார்கள்.

உங்கள் சத்தியம் இனி செல்லாது. தூங்காதவர் தூங்கினேன் என்று சொல்லிச் செய்த சத்தியம் அது. அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லி எழுத வந்தேன், ஆனால் நீங்கள் அதை அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தபோதே செய்து முடித்துவிட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. அதனால் வேறொன்று கேட்கிறேன். அடுத்த வாரம் சாமான் வண்டி முகாமுக்கு வந்து திரும்பும்போது அதில் ஏறுங்கள்.

வண்டிக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்றைக் கதவுக்குப் பின்னால், உங்கள் சட்டை மாட்டுகிற ஆணியில் மாட்டியிருக்கிறேன். எந்த நூலும் கட்டவில்லை. அது யாருடையது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்களுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி